ஒயர் போன வழி

போன வாரம் அவளை ஷெட் வாசலில் நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். உள்ளே நுழைவதா, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவதா என்று அவளுக்கே தெரியாத நேரம் அது. ஆறு வருடம் கழித்து அப்பா வீட்டுக்கு வந்திருக்கிறாள். தோளில் டூல் பை, நெஞ்சு நிறைய எரிச்சல்.

"வந்துட்டியாக்கா!" என்று ஓடி வந்தான் தம்பி. இடது கையை நீட்டிப் பையை வாங்கப் பார்த்தான். இவன் இடக்கையன். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான்.

அவள் பையைக் கொடுக்கவில்லை. "வழிய விடு. வண்டி எங்க?"

வண்டி எங்கே என்று கேட்கத் தேவையே இல்லை. ஷெட்டை அடைத்துக்கொண்டு அதுதான் நின்றது. உருண்டை மூக்கும் கரும்பச்சை உடம்புமாக, அப்பா பிறப்பதற்கு முன்பே ரோட்டில் ஓடிய கார். இரும்புக் கடையில் கிடந்ததைத் தூக்கி வந்து, ஒவ்வொரு திருகாகச் சேர்த்து ஓட வைத்தவர் அப்பா. அவருக்கு மொத்தம் மூன்று பிள்ளைகள். அதில் மூத்தது இந்த வண்டி.

பக்கத்தில் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி, மடியில் கைத்தடி. தலையைத் திருப்பவில்லை.

"டேய், எத்தனை மணிக்கு வரச் சொன்னோம், எத்தனை மணிக்கு வர்றா டெப்போக்காரி?"

பஸ் டெப்போவில் எலக்ட்ரீஷியன் வேலை பார்ப்பதால் அவளுக்கு அந்தப் பட்டம். மகள் என்று சொல்ல வாய் வராதவர்களுக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

"பஸ் லேட்டுனு சொல்லுடா உங்க அப்பாகிட்ட."

"பஸ்ஸை ரிப்பேர் பண்றவளுக்கே பஸ் லேட்டா? நல்லாத்தான் இருக்கு."

"பஸ்ஸாவது வந்து சேர்ந்துச்சு. ஒரு வாரமா சாவியைத் திருகியும் நகராத வண்டிய வச்சுக்கிட்டுப் பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்ல."

நடுவில் நின்ற தம்பி இரண்டு பக்கமும் பார்த்து விழித்தான். செய்தியை யாரிடம் கொண்டு போய்ச் சேர்ப்பது? இருவருக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இல்லை.

விஷயம் இதுதான். பழைய வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க இன்றைக்குத்தான் கடைசி நாள். நாலு மணிக்குள் வண்டி தானே ஓடிப் போய் வண்டி ஆபீஸில் இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்க வேண்டும். கட்டி இழுத்து வந்தால் செல்லாது. உள்ளே ஒரு ஒயர் தொங்கினாலும் செல்லாது. தவறினால் பதிவு ரத்து. அப்புறம் அது வெறும் இரும்பு.

ஆறு வருடமாக யாரும் கிளப்பிப் பார்க்காத வண்டி. இந்த வாரம் தம்பி இரண்டு மெக்கானிக்குகளைக் கூட்டி வந்து பார்த்துவிட்டான். நேற்று ராத்திரி அப்பாவே வாயைத் திறந்து, "டெப்போக்காரியக் கூப்பிடு" என்றாராம். அதைக் கேட்டு அவள் வந்தது வண்டிக்காக இல்லை. அவளுக்கு இந்த வண்டியோடு தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன், மழை பெய்த ஒரு விடியற்காலையில் அம்மா திடீரென்று விழுந்தாள். வலது பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சு நின்றுவிட்டது. தூக்கி வந்து இந்தக் காரின் பின் சீட்டில் கிடத்தினார்கள். அப்பா சாவியைத் திருகினார். என்ஜின் சுற்றியது, பற்றவில்லை. திருகித் திருகி பேட்டரியே செத்துப் போனது. வேறு வண்டி கிடைக்க முக்கால் மணி நேரம். "அரை மணி முன்னால வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்றார் டாக்டர்.

முந்தின நாள்தான் அவள் இந்த வண்டியில் பொறி பறக்க வைக்கும் பாயின்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியிருந்தாள்.

"இவ கை வச்சதாலதான் வண்டி நின்னுச்சு. இவதான் கொன்னுட்டா." அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருக்கும்போதே, அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் அப்பா சொன்ன வார்த்தை அது. அம்மாவின் தங்கை, அவளைத் தூக்கி வளர்த்த சித்தி, அந்த நிமிடத்திலிருந்து அவள் முகத்தில் விழிப்பதில்லை. இவள் இரண்டு தடவை சித்தி வீட்டு வாசலுக்குப் போனாள். இரண்டு தடவையும் கதவு சாத்தப்பட்டது.

கொடுமை என்னவென்றால், அப்பா சொன்னதை அவளாலேயே மறுக்க முடியவில்லை. பாயின்ட்டைச் சரியாக மாட்டினோமா, திருகை இறுக்கினோமா? ஆறு வருடமாக அந்தப் பாயின்ட்டை மனசுக்குள் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு அதற்கு விடை தெரிய வேண்டும். மற்றபடி வண்டி ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன.

"சாவியத் திருகுடா."

தம்பி திருகினான். செல்ஃப் நன்றாகத்தான் அடித்தது. என்ஜின் சுற்றியது, பற்றவில்லை. அந்த விடியற்காலையில் கேட்ட அதே சத்தம். முகத்தை பானெட்டுக்குள் நுழைத்துக்கொண்டாள், யாரும் பார்க்காமல் இருக்க.

பிளக் ஒன்றைக் கழற்றி என்ஜின் மேல் படுக்க வைத்தாள். "இன்னொரு தடவை." பிளக்கின் நுனியில் பொறியே இல்லை.

"எல்லாம் புதுசு போட்டாச்சுக்கா" என்று தம்பி அடுக்கினான். "புது பேட்டரி, புது பிளக், புது பாயின்ட், புது காயில்..."

அவள் பையிலிருந்து டெஸ்ட் லேம்ப்பை எடுத்தாள். சின்ன பல்பு, ஒரு பக்கம் கிளிப், மறுபக்கம் ஊசி. கரண்ட் இருக்கிற இடத்தில் ஊசியை வைத்தால் பல்பு எரியும். சாவியைப் போடச் சொல்லி, பிளக்குக்குக் கரண்ட் அனுப்பும் காயிலில் வைத்தாள். எரியவில்லை.

"காயிலுக்குக் கரண்ட்டே வரல. காயில மாத்தி என்ன பண்றது? குழாயில தண்ணி வரலைனா குடத்தையா மாத்துவாங்க?"

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றது நாற்காலி.

"ரெண்டாவதா வந்தவரும் இதையேதான் சொன்னாரு" என்றான் தம்பி தணிந்த குரலில். "பேட்டரியிலிருந்து நேரா ஒரு ஒயர் இழுத்துடறேன்னாரு. அப்பா அவரை வெளிய போடான்னுட்டார். தரை விரிப்பத் தூக்கப் போனாரு, அதுக்கும் கத்தல்."

"ஏன், விரிப்புக்கு அடியில புதையலா இருக்கு?"

எதற்கெடுத்தாலும் வாயைத் திறக்கிற அப்பா, இதற்கு மட்டும் வாயை மூடிக்கொண்டார். அவள் அதைக் கவனித்தாள்.

ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டாள். சாவிக்குப் பின்னால் ஊசியை வைத்தாள். பல்பு பளிச்சென்று எரிந்தது. சாவியில் கரண்ட் இருக்கிறது, காயிலில் இல்லை. இரண்டுக்கும் நடுவே இரண்டு முழ தூரம். கோளாறு அந்த இரண்டு முழத்துக்குள்தான் இருந்தாக வேண்டும்.

ஆனால் ஒயர் இரண்டு முழத்தில் முடியவில்லை. துணி சுற்றிய பழைய ஒயர் ஒரு சாண் போய், ரப்பர் ஒயர் ஒன்றோடு முறுக்கப்பட்டிருந்தது. அந்த ரப்பர் ஒயர் கீழே இறங்கி, தரை விரிப்புக்கு அடியில் புகுந்து பின்பக்கம் போனது.

காயில் முன்னால் இருக்கிறது. கரண்ட்டுக்குப் பின்னால் என்ன வேலை?

விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"அங்க எதுக்குக்கா?" தம்பியின் குரல் ஒரு படி ஏறியது. "அது டிக்கி லைட்டுக்குப் போறதா இருக்கும். அதுல ஒண்ணும் இல்ல."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன பிள்ளையைப் போலிருந்தது. "ஒண்ணும் இல்லைனு உனக்கு எப்படிடா தெரியும்?" என்றாள்.

கைத்தடி தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்துவிட்டார். "தலை வலிக்குது" என்று யாரிடமோ சொல்லிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே வீட்டுக்குள் போனார்.

அவள் அந்த முறுக்கை விரல் நுனியில் பிடித்து டார்ச் வெளிச்சத்தில் திருப்பினாள். ஒயர் முறுக்குவதில் ஒவ்வொரு கைக்கும் ஒரு வழி உண்டு. டெப்போவில் எந்த பஸ்ஸின் ஒயரிங்கைப் பார்த்தாலும் இது யார் வேலை என்று சொல்லிவிடுவாள். இந்த முறுக்கு தலைகீழாகப் போயிருந்தது. அதன் மேல் சுற்றிய டேப்பும் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

பத்து வயதில் இவனுக்கு ஒயர் முறுக்கக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். எத்தனை தடவை சொன்னாலும் எதிர்ப்பக்கமாகத்தான் முறுக்குவான். இடக்கையன் அல்லவா.

அவள் ஒயர் போன வழியிலேயே போனாள். விரிப்பை முழுவதும் சுருட்டினாள். ஒயர் பின் சீட்டின் இடது பக்கம் ஏறியது. மெத்தையைத் தூக்கினாள். அடியில் இருந்த கட்டையின் முன் விளிம்பில், உட்கார்ந்திருப்பவர் கையைத் தொங்கவிட்டால் விரல் படுகிற இடத்தில், ஒரு சுவிட்ச். மேஜை விளக்குக்கு வைப்பார்களே, அந்த மாதிரிச் சின்ன சுவிட்ச்.

இடது பக்கம் அம்மா உட்காரும் இடம். வேறு யாரும் அங்கே உட்கார்ந்ததில்லை.

"இது என்னடா?"

"எனக்கென்னக்கா தெரியும்?"

அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்து, முன்னால் இருந்த முறுக்கைக் காட்டினாள். "இது யாரு முறுக்கு? நல்லாப் பாரு. யாரு முறுக்குடா இது?"

தம்பி பழைய டயர் ஒன்றின் மேல் தொப்பென்று உட்கார்ந்தான்.

"அம்மாதான்க்கா போடச் சொன்னாங்க."

"என்ன?"

"அப்பாவுக்கு அப்பவே ஒரு கண்ணு சுத்தமாப் போயிடுச்சு. ஓட்டக் கூடாதுன்னுட்டார் டாக்டர். கேட்டாரா? நம்ம வீட்டு கேட்டையே ரெண்டு தடவை இடிச்சார். வெளிய சொன்னா வீட்ட ரெண்டாக்கிடுவேன்னு அம்மாவ மிரட்டி வச்சிருந்தார். சாவிய ஒளிச்சு வச்சுப் பார்த்தாங்க, பெரிய ரகளை. அப்புறம்தான் என்கிட்ட வந்தாங்க. வண்டி நின்னுட்டா ரிப்பேர்னு நினைச்சுக்குவார், சண்டை இருக்காதுன்னாங்க. ராத்திரி ஆஃப் பண்ணி வைப்பாங்க. நாம ஓட்டினா மட்டும் ஆன் பண்ணுவாங்க."

"அன்னைக்கு..."

"முந்தின நாள் ராத்திரி ஆஃப் பண்ணியிருக்காங்க. நான் டிரெய்னிங்குக்காக வெளியூர்ல இருந்தேன். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் எனக்கு போன் வந்துச்சு. வண்டி கிளம்பலைனு சொன்னதுமே எனக்குப் புரிஞ்சிடுச்சு. ஓடி வந்து யாரும் பார்க்காம சுவிட்சை ஆன் பண்ணி வச்சேன்."

"அப்புறம் கூடத்துக்கு வந்து நின்ன. அவர் என்னக் கொலைகாரின்னாரு. நீ பக்கத்துல நின்ன."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பயந்துட்டேன்க்கா. நான்தான் சுவிட்ச் போட்டேன்னு தெரிஞ்சா, அந்தப் பழி என் மேல..."

பளார் என்று ஓர் அறை விட்டாள். அவன் கன்னத்தில் கிரீஸ் கறையோடு ஐந்து விரலும் பதிந்தன. கை வலித்ததே தவிர மனசு ஆறவில்லை.

ஆறாததற்குக் காரணம் அவன் மட்டும் இல்லை. அந்தக் காலையில் அம்மாவுக்கு இடது கை மட்டும் வேலை செய்தது. அந்தக் கை சீட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது. வலியில் துடிக்கிறாள் என்று நினைத்து, அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி அம்மாவின் மார்மேல் வைத்தவள் இவள்தான். மறுபடி கை கீழே போனது. மறுபடி எடுத்து வைத்தாள். "ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்ல" என்று வேறு சொன்னாள்.

சீட்டின் விளிம்பில் நெற்றியை முட்டிக்கொண்டு அவள் அழுதாள். ஆறு வருடமாக வராத அழுகை.

தம்பி பக்கத்தில் வர நினைத்து, அடிக்குப் பயந்து தள்ளியே நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல" என்றான். "சுவிட்ச் இப்ப ஆன்லதான் இருக்கு. தினமும் பார்க்கறேன். அப்புறம் ஏன் கிளம்பல?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள். அழுகை அழுகையாக இருந்தாலும், அது நியாயமான கேள்வி.

சுவிட்ச்சைக் கட்டையிலிருந்து கழற்றினாள். பின்னால் இரண்டு ஒயரில் ஒன்று வெட்டப்பட்டிருந்தது. வெட்டு பழசு. செம்பு நுனி பச்சை பூத்திருந்தது. ஆனால் அதன் மேல் சுற்றியிருந்த டேப் புத்தம் புதுசு. பிரித்துப் பார்த்தாள். வெட்டிய இரண்டு முனைகளையும் யாரோ சேர்த்து முறுக்கியிருந்தார்கள். ரப்பரை உரிக்கவே இல்லை. ரப்பரோடு ரப்பரை முறுக்கினால் கரண்ட் எப்படிப் போகும்?

"வெட்டினது நீயாடா?"

"அம்மா மேல சத்தியமா இல்லக்கா. எனக்கு வெட்டியிருக்கறதே தெரியாது."

முறுக்கைப் பார்த்தாள். வலக்கை முறுக்கு. இவன் இல்லை. கண் தெரிகிற எவனும் இப்படி முறுக்க மாட்டான்.

நாற்காலிக்கு அடியில் ஒரு டேப் உருளை கிடந்தது. புதுசு. ஒரு சாண் மட்டும்தான் செலவாகியிருந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

அவள் சுவிட்ச்சை வீசி எறியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். பின்னால் போன ஒயர் முழுவதையும் உருவினாள். சாவிக்கும் காயிலுக்கும் நடுவே புது ஒயரைக் கொடுத்து, உரித்து, முறுக்கி, இறுக்கி, டேப் சுற்றி உள்ளே தள்ளினாள். பழைய நாளில் இருந்த மாதிரியே இரண்டு முழம். பிளக்கைத் திரும்ப மாட்டினாள். மணி மூன்று ஐந்து.

சாவியைத் திருகினாள். என்ஜின் இரண்டு தடவை இருமி, மூன்றாவதில் பற்றிக்கொண்டது. ஷெட் முழுக்க அதிர்ந்தது.

சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்தார், கைத்தடியைக்கூட ஊன்றாமல். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "பார்த்தியாடா! டெப்போக்காரியக் கூப்பிடுன்னு நான் சொல்லல?"

அவள் இறங்கி வந்து, அவர் உள்ளங்கையில் சுவிட்ச்சை வைத்தாள்.

அவர் அதைக் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரியாது. விரலால் தடவினார். முகத்தில் இருந்த சந்தோஷம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"எப்ப வெட்டினீங்க?" ஆறு வருடத்தில் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"என்ன உளர்றா இவ?"

"அவன்கிட்ட கேக்காதீங்க. என்கிட்ட பேசுங்க. எப்ப வெட்டினீங்க?"

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வண்டியின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அன்னைக்கு சாயங்காலம். எல்லாரும் கிளம்பிப் போனப்புறம். அவ உக்கார்ற இடத்துல போய்க் கொஞ்ச நேரம் உக்காந்தேன். கையில இது பட்டுச்சு." குரல் கடுமையானது. "இருபத்தொன்பது வருஷம் என்கூட வாழ்ந்தவ. என் வண்டியில, எனக்குத் தெரியாம! கத்தரி எடுத்து வெட்டிட்டேன்."

"உங்களுக்கும் தெரியுமாப்பா?" என்று அலறினான் தம்பி.

"உங்களுக்கும்னா? அப்ப இதப் போட்டுக் குடுத்தது நீயா?"

ஒருவரை ஒருவர் இருட்டில் முட்டிக்கொண்ட இரண்டு திருடர்களைப் போல அப்பாவும் பிள்ளையும் நின்றார்கள். தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இவன் ஆறு வருடம் மறைத்தான், அவர் ஆறு வருடம் மறைத்தார். மறைத்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் மறுநாள் காலையில பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போனேன்" என்றாள் அவள். "நீங்க வாசல்ல நின்னு பார்த்தீங்க. தெரிஞ்சுக்கிட்டே பார்த்தீங்க."

"உன்னச் சொல்லலைனா உங்க அம்மாவச் சொல்லணும். அவளச் சொன்னா என் கண்ணச் சொல்லணும்." அப்பா கத்தினார். "ஊர் முன்னால குருடன்னு நிக்கச் சொல்றியா?"

"என்ன நிக்க வச்சீங்களே, கொலைகாரின்னு!"

தம்பி மெதுவாக, "மணி மூணேகாலாச்சு" என்றான். வண்டி ஆபீஸ் பதினைந்து நிமிட தூரம்.

அவள் டிரைவர் சீட்டில் ஏறினாள். "ஏறுங்க."

அப்பா முன் கதவைத் தேடிக் கையை நீட்டினார்.

"முன்னால அவன் உக்காருவான். நீங்க பின்னால. அம்மா இடத்துல."

முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். வண்டி என்றால் அவருக்கு உயிர், என்ன செய்வது.

தெரு முனையில் இடது பக்கம் திரும்பினால் வண்டி ஆபீஸ். அவள் வலது பக்கம் திருப்பினாள். கண் தெரியாவிட்டாலும், அந்த ரோட்டில் முப்பது வருடம் ஓட்டியவருக்குத் திருப்பம் தெரியாதா?

"எங்க போற? வண்டியத் திருப்பு!"

"சித்தி வீடு பத்து நிமிஷம். ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திரும்பினா நாலு மணிக்குள்ள போயிடலாம்."

"டேய், திருப்பச் சொல்லுடா!"

தம்பி கன்னத்தைத் தடவிக்கொண்டு ரோட்டைப் பார்த்தான்.

சித்தி வீட்டு கேட் முன்னால் நிறுத்தி ஹார்ன் அடித்தாள். என்ஜினை அணைக்கவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்த சித்தி, வண்டியைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"கண்ணாடிய இறக்குங்கப்பா. இறங்கக்கூட வேணாம். என் மேல தப்பு இல்லைனு சொல்லுங்க, போதும்."

அப்பா கண்ணாடியை இறக்கினார். தொண்டையைச் செருமினார்.

"வண்டி கிளம்பிடுச்சும்மா" என்றார். "காட்டிட்டுப் போகலாம்னு வந்தோம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கிளம்ப வேண்டிய அன்னைக்குக் கிளம்பல. இப்ப என்ன ஊர்வலம்?" என்றாள் சித்தி. அப்புறம்தான் டிரைவர் சீட்டைப் பார்த்தாள். "இவளையா ஓட்ட விட்டிருக்கீங்க? ஒரு உயிர் போனது பத்தாதா?"

அப்பா அதைக் கேட்டார். கேட்டுக்கொண்டே மடியில் இருந்த கைத்தடியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"சித்தி, அது வந்து..." என்று தம்பி ஆரம்பித்தான்.

"நீ வாய மூடு" என்று அவள் தம்பியை அடக்கினாள். "நீ பேச வேண்டிய நாள்ல பேசல. இப்ப அவர் பேசட்டும்."

சித்தி ஒன்றும் புரியாமல் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா கைத்தடியால் முன் சீட்டைத் தட்டினார்.

"மூணரை இருக்கும். வண்டிய எடு. இன்ஸ்பெக்டர் போயிடுவார்."

அவள் சாவியைத் திருப்பினாள். என்ஜின் நின்றது. சாவியை உருவிக் கையில் மூடிக்கொண்டு, பின் சீட்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"நாலு மணிக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்குப்பா. ஆறு வருஷமா நான்தான் வண்டிய நிறுத்தினேன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. இப்ப நிறுத்தியிருக்கேன்."